ரெண்டு ஆபீசுக்கும் நடுவில் நாலு மாதம்

என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இனி வேலைக்குப் போக முடியாது என்று தெரிந்தபிறகுதான் உதவித்தொகைக்கு அலைய ஆரம்பித்தேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிந்தது சுலபம். மருத்துவ முகாமில்தான் முதல் அடி. ஆட்டோவில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, யூரின் பையை என் மடியில் பிடித்துக்கொண்டு போனால், எலும்பு டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். ஆட்டோ வாடகை போனதைக்கூட விடுங்கள், மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்ததில் அவருக்கு முதுகுப் புண் திறந்துகொண்டது. முகாம் நாளன்று டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மறுவாரம் 90 சதவீதம் பாதிப்பு என்று சான்று கிடைத்தது. 80-க்கு மேல் என்பதால் நீலக் கோடு போட்ட அட்டை.

அப்புறம் நான் செய்த தவறு. மாற்றுத்திறனாளி பென்ஷன் என்றால் தாலுகா ஆபீஸ்தான் என்று நினைத்து அங்கே மனு கொடுத்துவிட்டேன். அது வருவாய்த் துறை தரும் 1,500 ரூபாய். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தனியாக இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நல அலுவலகத்தில் இருந்த கிளார்க், "தாலுகாவில் பென்ஷன் வாங்கவில்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். தாலுகாவில் கேட்டால், "உங்க மனு இன்னும் பெண்டிங். முடியாம எப்படி எழுதித் தர்றது?" என்றார்கள். ஆறு தடவை இப்படியே போய் வந்தேன். ஒரு தடவை மனுவைத் திறந்துகூடப் பார்க்காமல் கையாலேயே தள்ளிவிட்டார் அந்த கிளார்க். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

கடைசியில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். தாலுகா மனுவை ரத்து செய்யக் கேட்டு ஒன்று, பராமரிப்புத் தொகை கேட்டு ஒன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், ஒரே தாளில் எழுதினால் ஏதாவது ஒரு துறைக்குத்தான் போகும். ரசீதைக் கையில் வாங்காமல் நகராதீர்கள். அந்த ரசீதைக் காட்டியதும் கிராம நிர்வாக அலுவலர் மூன்றாம் நாளே நேரில் வந்து பார்த்துவிட்டு, பென்ஷன் வாங்கவில்லை என்று சான்று கொடுத்தார். அதே கிளார்க் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று. ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால் இருந்ததற்கே ஒரு நாள் வீணானது. அட்டைக்குப் பதிவதற்கு முன்பே எல்லாவற்றிலும் பெயரை ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள்.

போன வாரம் பணம் ஏறிய மெசேஜ் வந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னார் அவர். படித்தேன். இன்னொரு தடவை படி என்றார்.