சிநேகிதருக்கும் மூன்று கை எள்ளுத் தண்ணீர்

அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போகிற பலர், அதைச் செய்துவைக்கும் வாத்தியாரிடம் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. "கூடவே வளர்ந்த சிநேகிதர் போயிட்டார், அவருக்கும் கொடுக்கலாமா?" கோத்திரம் வேறு, ஜாதி வேறு, ரத்த சம்பந்தம் இல்லை என்று மனசுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். மாதாமாதம் வரும் அமாவாசைத் தர்ப்பணத்தில் அப்பா வழி மூன்று தலைமுறை, அம்மா வழி மூன்று தலைமுறை, அவ்வளவுதான். பித்ருக்களுக்கே உரிய மகாளய பட்சத்திலும் தீர்த்தக் கரையிலும் மட்டும் காருணிக பித்ருக்கள் என்று இன்னொரு வரிசை வரும். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, உடன்பிறந்தவர், மாமனார் மாமியார், குரு என்று போகும் அந்த வரிசையில் நண்பனுக்கும் இடம் இருக்கிறது. சேதுவுக்கு, அதாவது ராமேஸ்வரத்துக்குப் போகும் பாக்கியம் கிடைத்தால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

கிளம்பும் முன்பே வீட்டில் செய்ய வேண்டிய வேலை பெயர்ப் பட்டியல். கொள்ளுத் தாத்தா பெயர் தெரியும், கொள்ளுப் பாட்டி பெயர் கேட்டால் முழிப்போம். கரையில் நின்றுகொண்டு ஊருக்கு போன் போட்டுக் கேட்கும் அவசரத்தில்தான் பெயர்கள் மாறிப் போகின்றன. அப்பா வழி, அம்மா வழி, அதன் கீழே காருணிகர்கள் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் உறவும் கோத்திரமும் குறித்துக்கொள்ளுங்கள். மை பேனா வேண்டாம், ஒரு அலை பட்டால் கரைந்துவிடும். பென்சிலில் எழுதி பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். சிநேகிதரின் கோத்திரம் தெரியாவிட்டால் காசியப கோத்திரம் என்று சொல்வது வழக்கம். அவருக்குக் கோத்திரமே கிடையாது என்றாலும் இதுதான். அவர் போன திதியிலேயே போக நினைத்தால் இங்கிலீஷ் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உயிர் பிரிந்த நேரத்தில் இருந்த தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் முன்பின் ஆகிவிடும்.

ஆடி, தை, மகாளய அமாவாசைகள் விசேஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குத் தர்ப்பணம் நடக்கிற அக்னி தீர்த்தக் கடற்கரையில் உட்கார ஒரு முழ இடம் கிடைக்காது. இருபது பேரைச் சேர்த்து உட்கார வைத்து, மைக்கில் மந்திரம் சொல்லி, "அவங்கவங்க அப்பா பேரைச் சொல்லிக்குங்க" என்று நிமிடத்தில் முடித்து எழுப்பிவிடுவார்கள். காருணிகர் வரிசைக்கு அங்கே நேரமே கிடையாது. நண்பருக்காகப் போகிறவர்கள் சாதாரண நாளில் போவதே நல்லது. தீர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளே சிரார்த்தத்துக்கு உரிய நாள் என்பதால் தனியாக நாள் பார்க்க வேண்டியதில்லை.

ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் இறங்கியதுமே வந்து சூழ்ந்துகொள்வார்கள். தர்ப்பணம், கோயிலுக்குள் இருக்கிற 22 தீர்த்தக் கிணறுகளில் குளியல், ஸ்பெஷல் தரிசனம் எல்லாம் ஒரே ரேட் என்று பேசுவார்கள். துக்கத்தோடு வருகிறவர்களிடம் இப்படிப் பேரம் பேசுவது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. தீர்த்தச் சீட்டைக் கோயில் கவுன்ட்டரில் நீங்களே வாங்குங்கள், கட்டணம் போர்டில் இருக்கும். வாத்தியாரிடம் முதலிலேயே, "காருணிகம் சேர்த்துச் செய்யணும், இத்தனை பேர் இருக்கு" என்று சொல்லி, தட்சிணையையும் பேசிவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியது அதிகம் இல்லை. கறுப்பு எள் நூறு கிராம் ஒருவருக்குத் தாராளம். கடற்காற்றுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் பாதி பறந்துவிடும், மூடி போட்ட சம்புடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தர்ப்பை இரண்டு கட்டு, ஒரு தாம்பாளம், சொம்பு, பஞ்சபாத்திரம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, சில்லறை. பிண்டம் வைக்கிறவர்கள் அதற்கு வேண்டியதை வாத்தியாரே கொண்டுவருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்னி தீர்த்தம் என்பது கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற அந்தக் கடல்தான். குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும் பெண் கடல். வயதானவர்கள்கூடப் பயமில்லாமல் முங்கலாம். காலடியில்தான் கவனம் வேண்டும். பழைய துணியைக் கடலில் விட்டால் பாவம் போகும் என்று யாரோ சொல்லி, அத்தனையும் அடியில் கிடந்து காலைச் சுற்றுகிறது. தர்ப்பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தயவுசெய்து விடாதீர்கள்.

முங்கி எழுந்து, கரையில் தெற்கு பார்த்து உட்கார்ந்து, மூன்று தர்ப்பையில் முடிந்த பவித்திரத்தை வலது மோதிர விரலில் போட்டுக்கொள்கிறோம். பூணூல் இடம் மாறி வலது தோளுக்கு வரும். பூணூல் இல்லாதவர்கள் துண்டை அப்படிப் போட்டுக்கொள்ளலாம். எள்ளை மொத்தமாக உள்ளங்கையில் கொட்டிக்கொண்டால் முதல் இரண்டு பெயருக்கே போய்விடும். ஈரக் கையில் ஒட்டியும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிட்டிகை புதிதாக எடுங்கள். தண்ணீர் விரல் நுனியால் போகக் கூடாது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சரிய வேண்டும். அதுதான் பித்ரு தீர்த்தம். ஒருவருக்கு மூன்று தடவை.

அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று போகும்போது கை தானாக ஓடும். காருணிகர் வரிசை வந்ததும் வாத்தியார் நிறுத்தி, "யாரு? என்ன உறவு?" என்பார். சிநேகிதர் என்று சொல்ல வேண்டும். "ஸகா" என்று அவர் மந்திரத்தில் சேர்த்துக்கொள்வார். அத்தனை வருஷம் "டேய்" என்று மட்டுமே கூப்பிட்டவனின் முழுப் பெயரை, கோத்திரத்தோடு, சர்மா என்றோ வர்மா என்றோ தாஸன் என்றோ சேர்த்துச் சொல்லும்போது தொண்டை அடைக்கத்தான் செய்யும். அவசரப்படாதீர்கள், வாத்தியாரும் காத்திருப்பார். எள் நாலைந்து உள்ளங்கை ரேகையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர் மட்டும் இறங்கும். இரண்டாம் தடவை ஒன்றிரண்டு போகும். மூன்றாம் தடவை கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டால் கை சுத்தமாகிவிடும். ராமநாதா, பெற்ற பிள்ளை கொடுக்கிற அதே எள், அதே தண்ணீர், அதே மூன்று தடவை! உறவென்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத இடத்திலும் இதை வாங்கிக்கொள்கிறாயே, இந்தக் கருணைக்கு என்ன கைம்மாறு?

கடைசியில், தர்ப்பையில் முடிந்து வைத்த கூர்ச்சத்தைப் பிரித்து "யேஷாம் ந மாதா ந பிதா ந பந்து:" சொல்லி ஒரு முறை விடுவார்கள். தாய் தகப்பன் பந்து என்று யாருமே இல்லாமல் போனவர்களுக்கு அது. பட்டியலில் விட்டுப்போன பெயர் எதாவது அப்போது ஞாபகத்துக்கு வந்தால் மனசுக்குள் நினைத்துக்கொள்ளலாம். பவித்திரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தாம்பாளத்துத் தண்ணீரைக் கடலில் சேர்த்துவிட வேண்டும்.

தகப்பனார் இருக்கிறவர்கள் எள் தொடுவதில்லை என்பது பல குடும்பங்களில் கட்டுப்பாடு. அவர்களும், பெண்களும் நண்பர் பெயரில் மோட்ச தீபம் ஏற்றலாம், அன்னதானம் செய்யலாம்.

ஈரத் துணியோடேயே கோயிலுக்குள் 22 தீர்த்தம். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்துக் கோடி தீர்த்தத்தில் முடியும். வாளியை இறைத்து, கிணற்று மேட்டில் நின்றபடியே தலையில் ஊற்றுவார்கள். கூட்டமாக நின்றால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெறிப்பதோடு சரி, முன்னால் போய் நில்லுங்கள். கங்கை, யமுனை, கயா என்ற பெயருள்ள தீர்த்தங்கள் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கும். கயாவுக்குப் போக முடியாதவர்கள் அந்த வாளித் தண்ணீரை வாங்கும்போது போனவர்களை ஒரு தரம் நினைத்துக்கொள்கிறார்கள். பிரகாரக் கல் முழுக்க ஈரம், வழுக்கும். பெரியவர்கள் விழுவது இங்கேதான், கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். பட்டும் ஜீன்ஸும் வேண்டாம், மெல்லிய பருத்தி போதும்.

உடை மாற்றிய பிறகே சந்நிதி. நடை மதியம் 1 மணிக்குச் சாத்தினால் மறுபடி 3 மணிக்குத்தான், அதனால் விடியற்காலையிலேயே கடலில் இறங்கிவிடுங்கள். அனுமார் கொண்டுவந்த லிங்கமான விஸ்வநாதருக்குத்தான் முதல் பூஜை, அவரைச் சேவித்துவிட்டு ராமநாதரிடம் போங்கள். அபிஷேகத்துக்குக் கங்கா ஜலம் கொண்டுவருகிறவர்கள் செம்பு, பித்தளைச் சொம்பில் கொண்டுவர வேண்டும். இரும்பிலும் தகரத்திலும் ஏற்பதில்லை.

கோடி தீர்த்தம் ஒரு பாட்டில் வாங்கி வந்து பூஜை அலமாரியில் வையுங்கள். அடுத்த மகாளயத்தில் வீட்டில் தர்ப்பணம் பண்ணும்போது சொம்புத் தண்ணீரில் அதில் ஒரு உத்தரணி (சின்னக் கரண்டி) விட்டுக்கொண்டு, அந்தப் பென்சில் பட்டியலையே எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம்.