செவலையின் இதயம் சொல்லும் வேகம்

நெடுந்தூரக் குதிரைப் பயணம் பெரும்பாலும் முதல் மணி நேரத்திலேயே கெட்டுப்போகிறது. கெலமங்கலத்திலிருந்து ராயக்கோட்டை பக்கம் தக்காளித் தோட்டங்களை ஒட்டிய மண் பாதையில் விடியற்காலைக் குளிரில் கிளம்பினால், என் குதிரை செவலைக்குக் கால் தரையில் நிற்காது. குஜராத்தின் காத்தியவாரி இனத்து இரத்தம். அப்போது இஷ்டத்துக்குப் பாயவிட்டால், வெயில் ஏறும்போது அவளிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது. அதற்காகக் கடிவாளத்தை இழுத்துச் சண்டை போடவும் கூடாது. அதிலேயே அவள் களைத்துவிடுவாள். முதல் அரை மணி நேரம் நடைதான். அப்புறம் மணிக்கு 12, 13 கிலோமீட்டரில் ஒரே சீரான ட்ராட், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்.

வேகத்தை நான் கடிகாரத்தில் பார்ப்பதைவிட அவள் இதயத்தில்தான் பார்ப்பேன். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 30, 40 துடிப்புதான். சர்வதேச நெடுந்தூரப் போட்டிகளில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் குறித்த நேரத்துக்குள் அது 64-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குதிரை விலக்கப்படும். இங்கே போட்டி இல்லாத நாளிலும் அதே கணக்கை வைத்திருக்கிறேன். இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து 15 விநாடி எண்ணுவேன். 16-ஐ, அதாவது நிமிடத்துக்கு 64-ஐ, தாண்டினால் காத்திருப்பேன். வழக்கத்தைவிட மெதுவாக இறங்கினால், வெளியில் தெரியாத வலியோ நீர்ச்சத்துக் குறைவோ இருக்கலாம். அன்றைக்கு மீதித் தூரம் நடைதான், இல்லாவிட்டால் வீடு.

நீர் விஷயத்தில் மனிதக் கணக்கு குதிரைக்குப் பொருந்தாது. நமக்கு வியர்த்தால் நீர்தான் அதிகம் போகும், இரத்தத்தில் உப்பு செறிந்து தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம். நீரும் உப்பும் சேர்ந்தே போவதால், உடல் வற்றிய பிறகும் அதற்குத் தாகம் எடுக்காமல் போகலாம். அதனால் ஏரியைக் கண்டால் நிறுத்திவிடுவேன். அவள் நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகுதான் உப்புக் கலவை கொடுப்பேன்.

என் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ட்ராட்டில் குதிரையின் தாளத்துக்கு ஏற்பச் சேணத்தில் எழுந்து எழுந்து உட்காருவோம். எந்த முன்னங்காலோடு எழுகிறோமோ அதையே தொடர்ந்தால் குதிரையின் முதுகில் ஒரு பக்கத் தசைக்கே சுமை விழும், அடிக்கடி மாற்றிக்கொள்வேன். பையில் உப்புப் போட்ட மோரும் ராகி அடையும் கட்டாயம். நான் தளர்ந்து சாய்ந்தால் அந்தப் பாரமும் அவளுக்குத்தான். அஞ்செட்டி இறக்கத்தில் குதிரையை விட்டு இறங்கி, அவளோடு நடந்தே போவேன். "ஏம்மா, குதிரைய வச்சிக்கிட்டு நடந்து போறியே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "அதுக்கும் முட்டி இருக்கு தாத்தா" என்றேன். யானை நடமாடும் வழி என்பதால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் அந்தப் பக்கம் போவது.

கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பைக் குதிரைப் போட்டியில் 24 மணி நேரத்துக்குள் 100 மைல் கடக்க வேண்டும். அங்கே முதல் 10 இடங்களில் வரும் குதிரைகளில் மிக நல்ல உடல்நிலையில் இருப்பதற்குத் தனியாக ஹாகின் கோப்பை உண்டு. எனக்கு அந்த இரண்டாவது கோப்பைதான் பெரிது.

மறுநாள் காலையில் சேணம் இருந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பேன், நான்கு கால்களையும் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பேன், கையில் பிடித்து வண்டிப் பாதையில் ஓடவிட்டு, நொண்டுகிறாளா என்று தலை ஆட்டத்தைக் கவனிப்பேன். சின்னச் சந்தேகம் வந்தாலும் அந்த வாரம் முழுக்க அவளுக்கு மேய்ச்சல்தான்.