பன்னிரண்டரை கிலோ ஏலக்காய், பன்னிரண்டு ரூபாய்

குமுளியில் மாமாவுக்கு ஏலக்காய்க் கடை. தோட்டக்காரர்கள் கொண்டுவரும் காயை எடைபோட்டு வாங்கி, புற்றடிக்கும் போடிக்கும் ஏலத்துக்கு அனுப்புவார். கம்பத்திலிருந்து செமஸ்டர் லீவுக்குப் போன நான் சும்மா இருந்திருக்கலாம். "அந்த நோட்டை மூடுங்க மாமா, ஒரு ப்ரோக்ராம் எழுதித் தர்றேன்" என்றேன்.

சி மொழியில் இருபது வரி. எடை கேட்கும், விலை கேட்கும், பெருக்கிச் சொல்லும், மறுபடி எடை கேட்கும். கருப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாக வந்ததால் கேள்விகளைத் தங்கிலீஷில் வைத்தேன். ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரி. நான் 10, 20 என்றுதானே போட்டுப் பார்த்தேன்!

முதல் மூட்டை வண்டன்மேட்டுச் சேட்டனுடையது. பன்னிரண்டரை கிலோ. மாமா ஒற்றை விரலால் நிதானமாக 12 1/2 என்று தட்டி என்டர் அடித்தார். நாற்பது வருஷமாக நோட்டில் அப்படித்தான் எழுதுகிறார். விலையைக் கேட்ட திரை, பதிலுக்குக் காத்திராமல் தானே சொல்லிவிட்டது: மொத்தம் 12 ரூபாய். அதோடு விட்டதா? அதே வரி சஷ்டி கவசம் ஓதுவதுபோல் ஓடிக்கொண்டே இருந்தது.

"இதெந்து கணக்கா?" என்றார் சேட்டன்.

கண்ட்ரோல் சி அடித்து நிறுத்தினேன். தட்டுவதைப் படித்து எண்ணாகத் தரும் சி மொழிக் கட்டளை ஸ்கேன்எஃப். அது முழு எண்ணைத் தேடும்போது இடைவெளி வந்ததும் நின்றுவிடும். 12 எடையாகிவிட்டது, காத்திருந்த 1 விலையாகிவிட்டது. சாய்கோடு எண் இல்லையே, அதனால் /2 எடுக்கப்படாமல் வாசலிலேயே கிடந்தது. ஒவ்வொரு சுற்றும் அதில் முட்டி, பழைய 12-ஐயும் 1-ஐயும் பெருக்கிக்கொண்டிருந்தது. எத்தனை எண் கிடைத்தது என்று ஸ்கேன்எஃப் ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் செய்யும். நான்தான் காதில் வாங்கவில்லை.

ராத்திரி உட்கார்ந்து மாற்றினேன். எஃப்கெட்ஸ் என்ற கட்டளை வைத்து முழு வரியையும் வாங்கி, ஸ்டர்டூடி என்ற இன்னொன்றைக் கொண்டு எண்ணாக்கி, அது எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வரி முடிவில் நிற்காவிட்டால் திரும்பக் கேட்க வேண்டும். அப்புறம்தான் தூக்கம் வந்தது.

காலையில் மாமா 12.5 போட்டார். ஏற்றுக்கொண்டது! விலைக்கு 1,850 என்று கமாவோடு போட்டார். "எண் மட்டும் போடவும்." மறுபடியும் 1,850. மறுபடியும் அதே பதில்.

"ஏன் மாப்ளே, நான் போட்டது எண் இல்லாம எழுத்தா?"

நோட்டு மேசைக்கு வந்துவிட்டது. அன்றைக்கும் ஒரு மூட்டையோடு வந்திருந்த சேட்டன் என் காதருகே குனிந்தார்.

"மோனே, இன்னலத்தெ (நேற்றைய) விலைக்கு ஒரு சாக்கு எனிக்குத் தருமோ?"