ஆடிப் புழுதியும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளமும்

கூடல்நகரில் எங்கள் மாடி அறையில், எட்டடிக்கு நாலடிப் பலகையில் மாடல் ரயில் ஓட்ட ஓஓ கேஜ் என்ற அளவில் லேஅவுட் (தண்டவாள அமைப்பு) போட்டிருக்கிறேன். இரு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ., ஓட்டுவது 12 வோல்ட் டிசியில். ஆடி பிறந்துவிட்டால் ஜன்னலைச் சாத்தினாலும் புழுதி உள்ளே வந்துவிடும். மூன்று வாரம் ஓட்டாமல் விட்டேன். இன்ஜின் இரண்டடி போய் நிற்கிறது, விரலால் தொட்டால்தான் நகர்கிறது.

காரணம் புழுதி மட்டுமல்ல. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில் பொறி பறந்து பறந்து, எண்ணெயோடு சேர்ந்து கறுப்பாகப் படிந்துவிடுகிறது.

என்னிடம் எலக்ட்ரானிக் டிராக் கிளீனர் ஒன்று உண்டு. தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கண்ட்ரோலருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இணைக்க வேண்டும். சக்கரத்தின் தொடர்பு விட்டுப்போனதும் உயர் அதிர்வெண்ணில் அதிக வோல்ட்டை அனுப்பும். கரண்ட் ரொம்பக் குறைவு. அந்த இடைவெளியில் பொறி பாய்ந்து அழுக்குப் படலம் எரியும். தொடர்பு வந்ததும் தானே அடங்கிவிடும். சாதாரண டிசி மோட்டார் அதைத் தாங்கும். டிசிசி என்ற டிஜிட்டல் முறையில் கட்டளையை வாங்கி இன்ஜினை ஓட்டும் சின்ன சர்க்யூட்டான டிகோடர் தாங்காது. போன வருஷம் இது தெரியாமல், டிகோடர் உள்ள இன்ஜின் ஒன்றை இந்தத் தண்டவாளத்திலேயே ஓட்டினேன். டிகோடர் போய்விட்டது. இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால் இந்த முறை முதல் வேலை, பலகையைக் காலி செய்வது. எல்ஈடி விளக்கு வைத்த பெட்டிகளையும் விடவில்லை. மகள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "இதுலயும் லைட்டு இருக்குப்பா, எறக்கிடவா?" என்று கேட்டுக் கேட்டு எடுத்து வைத்தாள். பழைய டிசி இன்ஜின் ஒன்று மட்டும் மிச்சம்.

கிளீனரைப் போட்டதும் அது நிற்காமல் சுற்றியது. ஆனால் வெள்ளைத் துணியால் தண்டவாளத்தைத் தேய்த்தால் கறுப்பு அப்படியே வந்தது. தொடும் இடத்தில் வழி திறக்கிறதே தவிர, அழுக்கு அங்கேயேதான் கிடக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். அதன் ஆவி தீப்பிடிக்கும். நன்றாகக் காயாமல் சுவிட்சைத் தொடவே கூடாது. உப்புத்தாள் போட மாட்டேன். அது விடும் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் குடியேறும்.

சக்கரம்தான் நேரம் தின்றது. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குத் திருகு வடிவ வார்ம் கியர் (worm gear) இருப்பதால் கையால் சுழற்ற முடியாது. இன்ஜினைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, கிளீனரை விலக்கிவிட்டு, கண்ட்ரோலர் வயரை ஒரு நொடி தொடுவது, எடுப்பது, பஞ்சுக்குச்சியால் துடைப்பது, காயவிடுவது. ஆறு சக்கரத்துக்கு அரை மணி நேரம்.

ராத்திரி நாற்பது நிமிடம் மெதுவான வேகத்திலேயே ஓட்டினேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. விளக்குப் பெட்டிகளை ஏற்றுவதற்கு முன் கிளீனரின் சுவிட்சை அணைத்ததோடு விடாமல், வயரையே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.