உப்புக்காற்று ஊரில் ஆர்கேட் பெட்டிக்குள் டிவி பொருத்துவது

ஆர்கேட் பெட்டி, அதாவது அந்தக் காலக் கடைகளில் இருந்த வீடியோ கேம் பெட்டி, கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பலகை வாங்கி, பிளான்படி அறுத்து, பெட்டி நின்ற பிறகுதான் டிவி தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். டிவி கைக்கு வந்து, அகலம், உயரம், ஆழம், முன்சட்டத்தின் வளைவு எல்லாம் அளந்த பிறகே பிளைவுட்டில் பென்சில் படலாம். பல பிளான்களில் பெட்டியின் உள் அகலம் 24 இஞ்ச்சை ஒட்டியே வரும். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்த 21 இஞ்ச் பழைய டிவி அதற்குள் நுழையாது. அப்போதுதான் டிவியின் கூட்டை உடைத்து உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துப் பொருத்தலாமா என்ற யோசனை வரும். அந்த யோசனைக்கே இடம் கொடுக்காத அளவில் பெட்டியைத் திட்டமிடுங்கள்.

எங்கள் பக்கம் இன்னொரு கணக்கும் சேர்கிறது. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் எங்கும் இரண்டு கடலின் காற்றும் வீட்டுக்குள் வரும். காரைக்குடி சிக்ரி நிறுவனம் உலோகங்கள் அரிப்பதை ஆராய மண்டபத்தில் தளம் வைத்திருப்பது சும்மா இல்லை. மதுரையில் கட்டிய பெட்டி பத்து வருடம் தாங்கும் விதத்தில் இங்கே கட்டினால் ஒரு வாடைப் பருவத்திலேயே வேலை வைக்கும்.

முதலில் எந்த டிவி என்று பார்ப்போம். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டிவி இன்னும் பல வீடுகளில் பரணில் இருக்கிறது. மேசை மேல் வைக்கும் சின்னப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். அளவு சரி, 4:3 விகிதம் சரி, பழைய விளையாட்டுகளின் கோடு கோடான படம் அதில்தான் அசலாகத் தெரியும். ஆளுயரப் பெட்டி என்றால் 21 இஞ்ச், ஸ்பீக்கர் திரைக்குக் கீழே இருக்கும் மாடலாகப் பாருங்கள்.

எல்இடி டிவி எடுப்பவர்கள் கடைசியில் கண்ணுக்கு எவ்வளவு படம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டும். 24 இஞ்ச் அகலத்திரையின் படப்பரப்பு சுமார் 53 × 30 செ.மீ. அதில் 4:3 விளையாட்டு ஓடினால் நடுவில் 40 × 30 செ.மீ. மட்டுமே படம், இரண்டு பக்கமும் கறுப்பு. 32 இஞ்ச் திரையில் அதே விளையாட்டு 53 × 40 செ.மீ. வரும். பேக்-மேன், கேலகா, டாங்கி காங் போன்றவை அகலத்தைவிட உயரம் கூடிய, நிமிர்ந்த திரைக்கு எழுதப்பட்டவை. அவற்றை 32 இஞ்ச்சில், டிவியைத் திருப்பாமலே ஓட்டினால் 30 × 40 செ.மீ. கிடைக்கும். அந்தக் காலக் கடைப் பெட்டிகளின் 19 இஞ்ச் திரைக்கு இது போதுமான ஈடு. அதனால் டிவியைச் சுழற்றும் ஏற்பாடெல்லாம் வேண்டாம், 32 இஞ்ச் படுக்கையாகவே இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து.

கடையிலேயே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். படம் ஓடும்போது குனிந்து கீழிருந்து திரையைப் பாருங்கள். நிறம் கறுத்து மாறினால் அந்தப் பேனல் வேண்டாம். சாய்ந்த திரைக்கு முன் குள்ளமான பிள்ளை நின்றால் அதுதான் அதற்குத் தெரியும். அடுத்தது, பிளக் சுவிட்சை அணைத்துப் பத்து விநாடி கழித்துப் போடுங்கள். டிவி தானாக எழுகிறதா, சிவப்பு விளக்கோடு காத்திருக்கிறதா? தானாக எழுந்தால் பெட்டி முழுவதையும் ஒரே சுவிட்சில் இயக்கலாம். எழாவிட்டால் ரிமோட் கண்ணுக்குச் சட்டத்தில் ஓட்டை விட வேண்டும், அல்லது எச்டிஎம்ஐ வயர் வழியாகவே டிவிக்குக் கட்டளை அனுப்பும் சிஇசி வசதியால், விளையாட்டை ஓட்டும் குட்டிக் கணினியான ராஸ்பெரி பையே டிவியை எழுப்பும்படி அமைக்க வேண்டும்.

பழைய டியூப் டிவியைக் கூட்டோடு வைப்பதுதான் முறை. பிக்சர் டியூபுக்குள் உயர் மின்சாரம் நுழையும் முனையான ஆனோடில், டிவி ஓடும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் டியூபில் தங்கும். போர்டின் ஒரு பாதி நேராக வீட்டு மின்சாரத்தில் நிற்கிறது. டியூபின் கழுத்து ஒரு தட்டுத் தட்டினால் உடையும், உள்ளே வெற்றிடம். கூட்டை எடுத்தால் இந்த மூன்றும் பிள்ளைகள் கை வைக்கும் பெட்டிக்குள் திறந்து கிடக்கும்.

உப்பு இங்கேதான் முதலில் வேலையைக் காட்டும். ஆனோட் தொப்பியைச் சுற்றிக் கண்ணாடியில் தூசியும் உப்பும் படியும். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்து, மின்சாரம் ஓட வழியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் டிவியைப் போட்டதும் ‘சர்ர்’ என்ற சத்தமும் ஒரு காட்டமான வாசனையும் வந்தால் காரணம் அதுதான். உடனே அணைத்துவிட்டு டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் டியூபின் வெளிப்பக்க எர்த் கம்பிக்கு மின்சாரத்தை இறக்கி, தொப்பியைத் தூக்கி, கண்ணாடியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுவார். பெட்டிக்குள் போகும் முன்பே ஒருமுறை இதைச் செய்து வாங்குவது நல்லது. உள்ளே போன பிறகு டிவியை வெளியே எடுப்பதே ஒரு வேலை.

பலகைக்கு எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) இந்தக் கரையில் ஆகாது. ஓரத்தில் ஈரம் ஏறினால் ஊதி, ஸ்க்ரூ பிடிப்பு போய்விடும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 18 மி.மீ., எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு இருந்தால் ஆளுயரப் பெட்டிக்குத் தாராளம். மரைன் பிளைவுட்டிலும் அறுத்த ஓரம் பலவீனமான இடம். ஃபைபர் படகு வேலை நடக்கும் இடத்தில் கிடைக்கும் ரெசினை ஓரங்களில் இரண்டு பூச்சு கொடுங்கள். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், ரெசின் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் போதும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுவதும் கலந்த பிறகே கேட்டலிஸ்ட். ஸ்க்ரூ எல்லாம் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு), முடிந்தால் 316 ரகம். மஞ்சள் பூச்சு ஸ்க்ரூ சீக்கிரமே துரு ஒழுகி மைக்காவைக் கறைப்படுத்தும்.

டியூப் டிவிக்கான தட்டுதான் பெட்டியின் உயிர். 21 இஞ்ச் டிவி 20 கிலோவைத் தாண்டும், அந்தப் பாரத்தில் பெரும்பங்கு முன் கண்ணாடியில். தட்டு ஒரே துண்டு 18 மி.மீ. பிளைவுட்டாக இருக்கட்டும். அதன் அடியில் இரண்டு பக்கச் சுவரிலும் 2 × 1 இஞ்ச் ரீப்பரை (மரச்சட்டம்) ஃபெவிகால் மரைனும் ஸ்க்ரூவும் சேர்த்து அடியுங்கள். ஸ்க்ரூவை மட்டும் நம்பக் கூடாது. திரை 15 டிகிரி பின்னால் சாய வேண்டும் என்றால், 18 இஞ்ச் ஆழத் தட்டுக்கு முன்விளிம்பு பின்விளிம்பைவிட நாலேமுக்கால் இஞ்ச் உயரத்தில் வர வேண்டும். பின்னால் ஒரு ரீப்பரைக் குறுக்காக அடித்து டிவி வழுக்காமல் தடுங்கள். முன்னாலும் ஒரு அங்குலத் தடை வேண்டும், பெட்டியை நகர்த்தும்போது டிவி முன்பக்கம்தான் கவிழும். டிவிக்கும் மரத்துக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை அறுத்து வைத்தால் அதிர்வும் உரசலும் நிற்கும். பின் கூட்டுக்கும் பெட்டியின் பின்கதவுக்கும் நடுவே 4 இஞ்ச் காலி இடம் விடுங்கள். தனி ஸ்பீக்கர் வைப்பதாக இருந்தால் டிவியை விட்டுத் தள்ளி வையுங்கள், காந்தம் திரை மூலையில் ஊதா, பச்சைக் கறை போடும். கறை விழுந்தால் காந்தத்தை அகற்றி, பிளக்கை அரைமணி நேரம் அணைத்துப் போட்டால் டிவிக்குள் இருக்கும் காந்தம் நீக்கும் கம்பிச்சுருளே சரி செய்யும். ரிமோட்டில் அணைத்துப் போட்டால் நடக்காது.

எல்இடிக்கு இவ்வளவு இல்லை. பின்னால் உள்ள நான்கு ஓட்டைகளில் ஒரு 18 மி.மீ. பலகையை முடுக்கி, அந்தப் பலகையைப் பக்கச்சுவர் ரீப்பரில் போல்ட் செய்தால் போதும். 24 இஞ்ச்சில் பல மாடல்களுக்கு ஓட்டைகளின் இடைவெளி 100 × 100 மி.மீ., ஸ்க்ரூ எம்4 (4 மி.மீ. தடிமன்). 32 இஞ்ச்சில் மாடலுக்கு மாடல் மாறும், அளந்து வாங்குங்கள். ஸ்க்ரூ நீளம்தான் ஆபத்து. ஓட்டைக்குள் தீக்குச்சியை விட்டு ஆழம் பார்த்து, அதோடு பலகைத் தடிமனைக் கூட்டி வாங்க வேண்டும். நீண்டுவிட்டால் உள்ளே போர்டையே குத்தும். ரீப்பரில் ஓட்டையை நீளவாக்கில் ஒரு இஞ்ச் இழுத்துவிட்டால் திரையை மேலும் கீழும் நகர்த்திச் சரிபார்க்கலாம். முன்னால் போடும் அக்ரிலிக் 3 மி.மீ. போதும். அது பேனலைத் தொடவே கூடாது, இரண்டு நூல் (கால் இஞ்ச்) இடைவெளி விடுங்கள்.

படம் கொண்டுவருவது இனி. டியூப் டிவிக்கு, பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருள் போட்ட ராஸ்பெரி பை 3-இன் ஏவி ஓட்டை போதும். கான்ஃபிக் கோப்பில் எஸ்டிடிவி மோட் வரிக்கு 16 கொடுத்தால் என்டிஎஸ்சி என்ற முறையில் 60 ஹெர்ட்ஸ், இடைவரி இல்லாத படம். நம் டிவிகள் பால் (PAL) என்ற வேறு முறைக்கு வந்தவை. படம் கறுப்பு வெள்ளையில் நின்றால் மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவுக்கோ என்டிஎஸ்சிக்கோ மாற்றுங்கள். படம் மேலே உருண்டுகொண்டே இருந்தால் அந்த செட் 60 ஹெர்ட்ஸை ஏற்கவில்லை. 18 கொடுத்து 50 ஹெர்ட்ஸில் ஓட்டலாம், ஆனால் விளையாட்டு மெதுவாகவோ தடங்கியோ நகரும். ஏவி வயர் எல்லாம் ஒன்றல்ல. பை-க்குப் பிளக்கின் அடிவளையத்தில் வீடியோ, அதற்கு முந்தையதில் எர்த். மல்டிமீட்டரில் அடிவளையத்துக்கும் மஞ்சள் முனையின் நடுப் பின்னுக்கும் தொடர்பு இருந்தால் சரியான வயர். எல்இடியில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு ஸ்கோர் மறைந்தால் பட அளவை ஜஸ்ட் ஸ்கேனுக்கு மாற்றுங்கள். கேம் மோட் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்துதான் ஆள் குதிப்பான்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்பதால் ராஸ்பெரி பையில், கார்டில் எதுவும் எழுதாமல் தடுக்கும் ஓவர்லே கோப்பு முறையை இயக்கிவிடுங்கள், மெமரி கார்டு தப்பும்.

காற்றோட்டத்துக்கு ஃபேன் வைக்க எல்லோருக்கும் ஆசை. இங்கே ஃபேன் என்பது உப்பை இழுத்து உள்ளே கொட்டும் வேலை. பின்கதவின் அடியில் ஒரு வரிசை, உச்சியில் ஒரு வரிசை துளை போட்டு நைலான் கொசுவலை ஒட்டினால் சூடு தானாக மேலேறிப் போய்விடும். கச்சான் (மேல்காற்று) அடிக்கும் ஜன்னலுக்கு நேராகப் பின்கதவை வைக்காதீர்கள். ஏவி முனை, யுஎஸ்பி முனை, பொத்தான் சுவிட்ச் முனை எல்லாவற்றிலும் பச்சை பூக்கும். ஏவி முனைக்கும் சுவிட்ச் முனைக்கும் மாட்டும்போதே பொட்டு அளவு டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவுங்கள். வாடைப் பருவத்தில் யாரும் விளையாடாவிட்டாலும் வாரம் ஒரு மணி நேரம் டிவியை ஓடவிடுங்கள், உள் சூடு ஈரத்தை விரட்டும். பல வாரம் சும்மா கிடந்த டியூப் டிவியை விடியற்காலை ஈரத்தில் போடாமல், வெயில் ஏறிய பிறகு பின்கதவைத் திறந்து வைத்துப் போடுங்கள்.