‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்’ என்றால் கொஞ்சம் பொறுங்கள்: 133 நீலத் திரை அனுபவம்

லேப்டாப் திடீரென்று உறைந்து, ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்து, பிறகு நீலத் திரை. சர்வீஸ் கடையில் டிஸ்க்கைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. “டிஸ்க் போயிடுச்சு சார், எஸ்எஸ்டி போட்டு ஃபார்மட் பண்ணிடலாம்” என்று சொல்லிவிட்டார்கள். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. விண்டோஸ் 8.1-ஓடு வந்த மெஷினை 10-க்கு ஏற்றியபோது, 2013 தேதியிட்ட இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரும் (டிஸ்க்கோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருள்) கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வில்லன் அதுதான்.

திரையில் வருவது ‘டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்’. அந்தப் பிழையின் எண் 133. ஏதோ ஒரு டிரைவர் பிராசஸரை விடாமல் பிடித்துவைத்துக்கொண்டது என்று பொருள். எந்த டிரைவர் என்று திரை சொல்லாது. எண் 124 என்றால் பெரும்பாலும் ஹார்டுவேர். அதற்கு இந்த வைத்தியம் உதவாது.

முதலில் டிஸ்க். டிஸ்க்கின் ஆரோக்கியம் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் ரீஅலோகேட்டட், பெண்டிங் செக்டர் (பழுதான, பழுதாகச் சந்தேகிக்கப்படும் இடங்கள்) இரண்டும் பூஜ்யமாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரர் சொன்னது சரி, முதலில் பேக்கப் எடுங்கள். பூஜ்யம் என்றால், விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவுகளுக்குப் போய் 129 என்ற எண்ணைத் தேடுங்கள். ‘ரெய்ட்போர்ட்’டுக்கு ரீசெட் கொடுத்ததாக எழுதியிருக்கும். சோர்ஸ் என்ற இடத்தில் ஐஏஸ்டோர்ஏ (iaStorA, அந்த இன்டெல் டிரைவரின் பெயர்) என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நீலத் திரை வரும்போது விண்டோஸ் சேமிக்கும் டம்ப் கோப்பிலும் உறுதி செய்துகொள்ளலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ காலியாகக் கிடந்தால் காரணம் அநேகமாக நீங்கள் ஓட்டிய க்ளீனர் மென்பொருள், அல்லது பேஜிங் ஃபைலை யாரோ அணைத்துவைத்தது. டம்ப்பைப் படித்துக் காட்டும் ப்ளூ ஸ்கிரீன் வியூ மென்பொருள் எல்லாப் பழியையும் விண்டோஸ் கெர்னல் மேலேயே போடும், நம்பாதீர்கள். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் விண்டிபிஜி (WinDbg) மென்பொருளில் டம்ப்பைத் திறந்து, நீல எழுத்தில் வரும் ‘அனலைஸ்’ இணைப்பை அழுத்தி, ஸ்டாக் பட்டியலை (அந்த நேரம் எவை ஓடிக்கொண்டிருந்தன என்ற வரிசை) வரிவரியாகப் பாருங்கள். அங்கேயும் அதே ஐஏஸ்டோர்ஏ.

இனி எரிச்சலூட்டும் கட்டம். டிவைஸ் மேனேஜரில் ‘அப்டேட் டிரைவர்’, தானாகத் தேடு என்று கொடுத்தால், சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வரும். தன்னிடமும் விண்டோஸ் அப்டேட்டிலும் இருப்பதை மட்டும் ஒப்பிட்டுவிட்டுச் சொல்லும் பதில் அது. தேதியைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. மைக்ரோசாப்டின் சொந்த டிரைவர்கள் எல்லாம் 2006 ஜூன் 21 என்றே காட்டும். தயாரிப்பாளரின் டிரைவர் வந்தால் அதற்கு வழிவிட வேண்டும் என்று வேண்டுமென்றே போட்ட தேதி. இன்டெல் சிப்செட் கோப்புகளில் 1968 ஜூலை 18 இருக்கும். கம்பெனி பிறந்த நாளாம்! அதனால் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள்.

வழி, மைக்ரோசாப்டின் டிரைவருக்கு மாறுவது. மாற்றும் முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்து, 48 இலக்க ரிகவரி கீயை லேப்டாப்புக்கு வெளியே எங்காவது எழுதிவையுங்கள். ரீஸ்டோர் பாயின்ட்டும் போட்டுவிடுங்கள். பிறகு ‘ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கன்ட்ரோலர்ஸ்’ கீழே பெயரில் சாட்டா ஏஹெச்சிஐ (SATA AHCI, டிஸ்க்கை இணைக்கும் வழக்கமான முறை) உள்ளதைத் திறந்து, ‘டிரைவர் டீடெயில்ஸ்’ல் ஐஏஸ்டோர்ஏ இருப்பதை உறுதி செய்யுங்கள். அப்டேட் டிரைவர், என் கம்ப்யூட்டரில் தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன், ‘ஸ்டாண்டர்ட் சாட்டா ஏஹெச்சிஐ கன்ட்ரோலர்’, ரீஸ்டார்ட். ‘ஷோ கம்பாட்டிபிள் ஹார்டுவேர்’ டிக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கன்ட்ரோலர் ‘ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்’ பிரிவில், பெயரில் ரெய்ட் (RAID, பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறை) என்று இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பயாஸ் ரெய்ட் முறையில் இருக்கிறது. டிரைவரையோ பயாஸையோ அவசரப்பட்டு மாற்றினால் ‘இன்னாக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று விண்டோஸ் எழவே எழாது. அந்தக் காலத்து அல்ட்ராபுக்குகளில் ஹார்ட் டிஸ்க்கோடு 24, 32 ஜிபி கேஷ் எஸ்எஸ்டி இருக்கும். அவற்றில் இது சகஜம். இன்டெல் தளத்தில் உங்கள் சிப்செட்டுக்கு ஏற்ற புதிய ஆர்எஸ்டி (RST, இன்டெல் ஸ்டோரேஜ்) டிரைவரைப் போடுவதுதான் அங்கே வழி.

மாற்றிய பின் உறைவதும் நின்றது, நீலத் திரையும் நின்றது. உங்களுக்கு 129 இன்னும் வந்து, சோர்ஸில் இப்போது ஸ்டோர்ஏஹெச்சிஐ (மைக்ரோசாப்ட் டிரைவரின் பெயர்) என்று இருந்தால் டிரைவரை விட்டுவிட்டு கேபிள், எஸ்எஸ்டி ஃபர்ம்வேர், பவர் ஆப்ஷனில் ஏஹெச்சிஐ லிங்க் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் போங்கள்.

ஃபார்மட் செய்தாலும் சில நாள் சரியாகத்தான் ஓடும், மைக்ரோசாப்ட் டிரைவர் தானாக உட்கார்ந்துகொள்வதால். அப்புறம் தயாரிப்பாளர் தளத்திலிருந்து 8.1-க்கான டிரைவர் மூட்டையை இறக்கிப் போட்டால் பழைய கதைதான். விண்டோஸ் அப்டேட்டின் ஆப்ஷனல் பட்டியலில் இன்டெல் ஸ்டோரேஜ் பெயரில் ஏதாவது வந்தாலும் டிக் போடாதீர்கள். ‘27 டிரைவர் பழசு’ என்று மிரட்டிக் காசு கேட்கும் டிரைவர் அப்டேட்டர்கள் பக்கமே போக வேண்டாம்.