நான்காக மடித்த நோட்டு

சாயங்காலம் மருந்துக்கடையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். அறுபது வயதிருக்கும். நான் கொஞ்சம் விலகி நிற்கும்வரை காத்திருந்தார்.

அப்புறம், நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கைக்குள் பொத்தியபடி, "தம்பி, அந்த மாத்திரை ஒண்ணு" என்றார்.

கடைத்தம்பி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஐயா, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பெரியவரின் கை சட்டைப்பைக்குப் போனது.

"அப்ப வேண்டாங்கய்யா. டாக்டரைப் பாருங்க."

அந்த ஒரு கேள்வி உயிரைக் காத்திருக்கலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையான நைட்ரேட்டோடு, பெரியவர் கேட்ட சில்டெனாஃபில் (வயாகரா) சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும்.

சில்டெனாஃபிலையே முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் சோதித்தார்கள். விறைப்புக் குறைபாட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998இல். அது ரத்த ஓட்டத்தைக் கூட்டும், அவ்வளவுதான். ஆசையை உண்டாக்காது.

முருங்கைக்காய், பேரீச்சை, லேகியம் எதுவும் ஆசையைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆசை குறைய சர்க்கரை நோய், மனச்சோர்வு, தூக்கமின்மை என்று எத்தனையோ காரணங்கள். அதைப் பேசத்தான் நமக்கு வாய் வருவதில்லை.

எனக்குப் பெரிய பயம் லேகியத்தில்தான். சுத்த மூலிகை என்று விற்ற பொருள்களில் இதே சில்டெனாஃபில் கலந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. லேகியம் விற்கிற இடத்தில் நெஞ்சுவலி பற்றி யார் கேட்பார்கள்?

நோட்டைப் பிரிக்காமலே பெரியவர் பேருந்து நிறுத்தம் பக்கம் நடந்தார். அந்தச் சுவர் முழுக்க லேகியம் போஸ்டர்.